தட்டுப்பாட்டுக் காலத்தில் கட்டுப்பாட்டு விலை: சட்டம் யாரைப் பிடிக்கிறது?

வன்னிமகள்:
தட்டுப்பாடு வரும்போது அத்தியாவசியப் பொருளைக் கொள்ளை விலைக்கு விற்பவருக்குக் கடும் தண்டம் வேண்டும் என்பது என் நிலைப்பாடு. சந்தையே விலையைச் சரிசெய்துவிடும் என்பவர்கள் இலங்கையின் சீனிக் கதையை நினைத்துப் பார்க்கட்டும். 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனிக்குக் கிலோவுக்கு 50 ரூபாவாக இருந்த வரியை அரசாங்கம் 25 சதமாகக் குறைத்தது. கடையில் விலை இறங்கவில்லை. அந்த 49 ரூபா 75 சதம் யாருடைய பைக்குப் போனது? அடுத்த ஆண்டு ஓகஸ்டில் அதே சீனி 200 ரூபாவைத் தாண்டியது. அவசரகால விதிகளைக் கொண்டுவந்து களஞ்சியங்களைத் திறந்தபோது ஆயிரக்கணக்கான தொன் சீனி உள்ளே அடுக்கிக் கிடந்தது. சட்டம் இல்லாமல் அந்தப் பூட்டு திறந்திருக்குமா?

சுன்னாகத்தான்:
சீனிக் கணக்கு சரி அக்கா. அடுத்த மாதம், 2021 செப்டெம்பரில், அரிசிக்கு நடந்ததையும் சொல்லுங்கள். 2ஆம் திகதி வர்த்தமானியில் (அரசிதழில்) ஒரு கிலோவின் உச்சவிலை நாட்டரிசி 98 ரூபா, சம்பா 103, கீரிச் சம்பா 125 என்று அறிவித்தார்கள். எங்களுடையது சிறிய பலசரக்குக் கடை. மொத்த வியாபாரி எங்களுக்குத் தந்த விலையே அதைவிடக் கூட. பற்றுச்சீட்டு கேட்டால் "வேண்டுமென்றால் எடு, இல்லையென்றால் விடு" என்றார். எழுதித் தந்தால் அவரல்லவா மாட்டுவார்! வாங்கி விற்றால் நான் குற்றவாளி. வாங்காமல் விட்டால் அரிசி இல்லாத கடை. அப்பா சம்பா மூடை இறக்குவதையே நிறுத்திவிட்டார். காலம் காலமாக எங்களிடம் வாங்கிய சனம் வெறும் பையோடு திரும்பிப் போனது.

தண்டத்தையும் அந்த நாட்களில்தான் உயர்த்தினார்கள். தனிநபருக்கு ஆகக் குறைந்த தண்டம் 1,000 ரூபாவாக இருந்தது, ஒரு இலட்சமானது. ஒரு கிலோவில் இரண்டு மூன்று ரூபா மிஞ்சுகிற கடை அதை எங்கிருந்து கட்டும்? மாத முடிவில் அரிசி வர்த்தமானியை அரசாங்கமே இரத்துச் செய்தது. ஆலைக்காரர்கள் நாட்டரிசி 115, சம்பா 140 என்று தாங்களே அறிவித்தார்கள். அரிசியும் கடைக்குத் திரும்பி வந்தது.

வன்னிமகள்:
தம்பி, உங்கள் கதையே என் பக்கம்தான் பேசுகிறது. நாட்டின் சோற்றுக்கு ஒரு சிலர் கூடி விலை அறிவிக்க முடிகிறது, அரசாங்கம் விலை சொன்னால் அரிசியை மறைக்கவும் முடிகிறது. இதைப் போய்ச் சந்தை என்கிறீர்களா? பெரும்போக நெல்லை மாசி, பங்குனியில் ஈரம் காயுமுன் விற்றுக் கடன் அடைத்த விவசாயிக்கு நாட்டரிசிக்குக் கூடிய அந்த 17 ரூபாவில் ஒரு சதமும் வரவில்லை. சட்டம் ஆலை வாசலுக்குப் போகாமல் உங்கள் கடை வாசலில் நின்றதுதான் பிழை.

மிளகாய்த்தோட்டம்:
இருவருமே விளைவிப்பவனை விட்டுவிட்டீர்கள். 1970களில் இறக்குமதி கட்டுப்பாட்டால் மிளகாய், வெங்காய விலை ஏறியது. அந்த விலையை நம்பித்தான் யாழ்ப்பாணத்து இளைஞர்கள் வன்னிக்குப் போய்க் காடு வெட்டித் தோட்டம் செய்தார்கள். அன்று அதைக் கொள்ளை விலை என்று அமுக்கியிருந்தால் அந்தக் காணிகள் இன்றும் பற்றைக்காடுதான்.

இனி 2022 முட்டைக்கு வாருங்கள். ஓகஸ்டில் வெள்ளை முட்டை 43 ரூபா, சிவப்பு 45 என்று உச்சவிலை வைத்தார்கள். கோழித்தீவன விலையை யாரும் இறக்கவில்லை. உற்பத்தியாளர்கள் கட்டுப்படியாகாது என்று கத்தினார்கள், கடைகளில் முட்டை மறைந்தது. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்க வேண்டியதாயிற்று. நட்டத்துக்கு விற்கச் சொல்லும் சட்டத்தால் ஒரு கோழியாவது கூடுதலாக முட்டை இட்டதா?

வன்னிமகள்:
மிளகாய் காய்க்க மாதக்கணக்கில் நேரம் இருக்கிறது. கைக்குழந்தைக்குப் பால்மா தேடும் தாய்க்கு அந்த நேரம் இல்லை. 2021 ஒக்டோபரில் நீங்கள் கேட்பதுபோலவே பால்மா, கோதுமை மா, எரிவாயு ஆகியவற்றின் கட்டுப்பாட்டு விலையை நீக்கினார்கள். 1,493 ரூபாவுக்கு இருந்த 12.5 கிலோ சிலிண்டர் 2,675 ஆனது. விலையை விட்டால் பொருள் வரும் என்றால் 2022இல் வெற்றுச் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டிவிட்டுச் சனம் தெருவில் ஏன் படுத்தது?

மிளகாய்த்தோட்டம்:
டொலர் இல்லாமல் படுத்தது. டொலரையும் 2022 மார்ச் வரை 200 ரூபாவை ஒட்டியே பிடித்து வைத்திருந்தார்கள். அதுவும் கட்டுப்பாட்டு விலைதான். வெளியே கூடுதலாகத் தருகிறார்கள் என்று தெரிந்தால் யார் வங்கிக்குக் கொண்டுவருவார்? எரிவாயு விலையைத் திறந்துவிட்டு, அதை வாங்கும் காசைப் பூட்டி வைத்தார்கள். கப்பல் எப்படி வரும்?

வன்னிமகள்:
டொலர் விடயத்தில் உங்களோடு வாதாட மாட்டேன். ஆனால் 1990களில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்தபோது ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெயும் பஞ்சும் வைத்து, திரி ஏற்றிப் படித்த பிள்ளைகள் நாங்கள். மண்ணெண்ணெய் எட்டாத விலை விற்றது. விலை ஏறியதால் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஆனையிறவுத் தரைப்பாதை திறந்ததா? இருந்த எண்ணெய் இல்லாதவன் கையிலிருந்து இருப்பவன் கைக்குப் போனது, அவ்வளவுதான்.

சுன்னாகத்தான்:
பாதை திறக்கவில்லை, ஆனால் கிளாலிக் கடலால் இரவில் படகோட்டிப் பொருள் கொண்டுவந்தவர்கள் இருந்தார்களே அக்கா. எத்தனை பேர் அந்தத் தண்ணீரில் செத்தார்கள்! அப்படி வந்த எண்ணெய்க்குக் கொழும்பு விலையா கேட்பீர்கள்? அவர்களுக்கும், சீனியைப் பூட்டி வைத்த இறக்குமதியாளருக்கும் ஒரே சட்டத்தை எழுதாதீர்கள். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

வன்னிமகள்:
அப்படியென்றால் கலிபோர்னியா வைத்திருப்பதுபோல ஒரு சட்டத்தை ஏற்பீர்களா? அவசரநிலை அறிவித்த பிறகு முந்தைய விலையைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூட்டினால் அங்கே குற்றம். கொள்முதல் செலவு கூடியதால்தான் கூட்டினேன் என்று காட்டினால் குற்றமில்லை. வர்த்தமானியில் ஒரே விலையைக் குத்தி வைப்பதைவிட அது நியாயமானது. படகுக்காரரும் தப்புவார், உங்கள் அப்பாவும் தப்புவார்.

சுன்னாகத்தான்:
அப்பா எதைக் காட்டித் தப்புவார்? பற்றுச்சீட்டே இல்லையே! முதலில் மொத்த வியாபாரியும் ஆலைக்காரரும் ஒவ்வொரு மூடைக்கும் விலை எழுதித் தரவேண்டும். தராவிட்டால் அந்த ஒரு இலட்சத்தை அவர்களிடம் அறவிடுங்கள். ஆலையிலும் களஞ்சியத்திலும் எவ்வளவு இருப்பு என்பதை வாரம்தோறும் பகிரங்கப்படுத்துங்கள். இவை நடக்கட்டும், பிறகு என் கடைக்குச் சோதனைக்கு வாருங்கள், நானே கதவு திறந்து விடுகிறேன்.

வன்னிமகள்:
பற்றுச்சீட்டுக்கும் இருப்புக் கணக்குக்கும் முழுச் சம்மதம். "பிறகு" என்பதற்குத்தான் சம்மதமில்லை. 2022 ஜூனில் பெற்றோலைப் போத்தலில் அடைத்து லீற்றர் ஆயிரம் ரூபாவுக்கு மேல் விற்றவர்கள் ஆலைக்காரர்கள் அல்ல, நம் தெருக்காரர்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே நாளில் சட்டம் வரவேண்டும்.

மிளகாய்த்தோட்டம்:
அந்தச் சட்டத்தில் தோட்டக்காரன் தன் விளைச்சலுக்கு வைக்கும் விலையைத் தொடமாட்டோம் என்று ஒரு வரி எழுதுங்கள். அது இல்லாமல் நான் சம்மதிக்க மாட்டேன்.