ஒருபால் திருமண உரிமைக்கு அமைதி நடை: யோசனையும் ஆட்களும் தேவை

எல்லோருக்கும் வணக்கம். ஒருபால் திருமண உரிமை கேட்டு ஒரு அமைதி நடை, அதற்கு முன்னால் வீடு வீடாகப் போய்ப் பேசுவது என்று நாங்கள் சில பேர் முடிவு செய்திருக்கிறோம். அனுமதி, பாதை எல்லாம் ஓரளவு தயார். பேசுவதில்தான் உதவி வேண்டும்.

அயர்லாந்தில் 2015 பொதுவாக்கெடுப்புக்கு முன் தொண்டர்கள் கதவைத் தட்டிப் பேசினார்கள். சுமார் 62 சதவீதம் பேர் ஆதரித்து வாக்களித்தார்கள். துண்டுப்பிரசுரத்தைவிட நேர்ப்பேச்சுதான் எடுபடும் என்பது என் எண்ணம். பல வருடம் சேர்ந்து வாழ்ந்தவர், மருத்துவமனைப் படிவத்தில் 'நோயாளிக்கு என்ன உறவு' என்ற இடத்தில் 'நண்பர்' என்று எழுதிவிட்டு வெளியே நிற்பதைச் சொன்னால் பெரியவர்களுக்குச் சட்டென்று புரிகிறது. வாரிசுரிமை, ஓய்வூதியம்கூடப் புரிகிறது. 'சரி, குழந்தை?' என்று அடுத்த கேள்வி வரும்போதுதான் எங்கள் ஆட்கள் திணறுகிறார்கள். சண்டையாகாமல் இதற்கு எப்படிப் பதில் சொல்வது? அனுபவப்பட்டவர்கள் எழுதுங்கள்.

அப்புறம், தங்களுக்கு ஒருபால் ஈர்ப்பு என்று வீட்டில் இன்னும் சொல்லாதவர்களும் நடைக்கு வர ஆசைப்படுகிறார்கள். அவர்கள் முகம் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ள என்ன வழி? (முகக்கவசம் போட்டால் பார்ப்பவர்களுக்குத் தப்பாகத் தெரியும் என்கிறார் ஒருவர். எனக்கு உடன்பாடில்லை.)

ஒரு அம்மாவோ அப்பாவோ தன் பிள்ளைக்காகப் பேசினால் அதன் எடையே வேறு. அப்படி முன்வரும் பெற்றோரும், யாராவது வம்புக்கு வந்தால் வாய் கொடுக்காமல் கூட்டத்தை நகர்த்தத் தெரிந்தவர்களும் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.