பால்பவுடர் டப்பா ஆன்டெனா: துளையிடும் முன் ஓர் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். வீட்டு ரௌட்டரிலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் தள்ளியுள்ள தோட்டத்து அறையில் படிக்கும் என் மகளுக்கு வைஃபை கிடைப்பதற்காக, 9 செ.மீ. விட்டமுள்ள பால்பவுடர் டப்பாவில் ஆன்டெனா செய்து வருகிறேன். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.3 செ.மீ. என்பதால், அதில் கால் பங்காக 31 மி.மீ. செம்புக் கம்பியை வெட்டி, கனெக்டரின் நடுமுனையில் பற்றவைத்துவிட்டேன்; பற்றவைத்த இடத்தில் ஈயம் மணிபோலத் திரண்டு நிற்பதுதான் உறுத்துகிறது. டப்பாவுக்குள் அலைநீளம் கூடிவிடுவதால், அந்தக் கூடிய நீளத்தில் கால் பங்காக, அடித்தகட்டிலிருந்து 51 மி.மீ. தள்ளி, கனெக்டருக்கான துளையிட வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறேன். இட்ட துளையை மாற்ற இயலாது என்பதால், செய்து பார்த்தவர்கள் இந்த அளவைச் சரிபார்த்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். கேபிளில் சிக்னல் வீணாகாமலிருக்க, கணினியின் யூஎஸ்பி வைஃபை அடாப்டரை டப்பாவை ஒட்டியே பொருத்தினால் போதுமா?