அவதிப் பாதையா, நெருக்குவழியா, நெடுவழியா?

மட்டக்களப்பு, பாடநெறி இணைப்பாளர்:

அன்பின் நண்பர்களுக்கு,
அபிவிருத்தி உத்தியோகத்தர்களுக்கான செயற்றிட்ட முகாமைத்துவப் பாடநெறியின் கையேடு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். செயற்றிட்டம், இடர், மைல்கல் ஆகியவற்றில் பிணக்கு இல்லை. எஞ்சி நிற்பது, எந்த வேலைத்தொடர் ஒரு நாள் பிந்தினால் முடிவுத் திகதியும் ஒரு நாள் பிந்துமோ, ஆங்கிலத்தில் ‘கிரிட்டிக்கல் பாத்’ எனப்படும் அந்தத் தொடரின் தமிழ்ப் பெயர்தான். கையேட்டிலுள்ள உதாரணம் படுவான்கரையில் கட்டப்படும் ஒரு முன்பள்ளி. அத்திவாரத்துக்கு 3 கிழமை, சுவருக்கு 4, கூரைக்கு 2. ஒன்று முடியாமல் அடுத்தது தொடங்காது என்பதால் மொத்தம் 9 கிழமை. அதே நாளில் தொடங்கும் கிணற்று வேலைக்கு 5 கிழமை போதும். அது 4 கிழமை பிந்தினாலும் திறப்பு விழாத் திகதி அசையாது. ஆங்கிலத்தில் ‘ஃப்ளோட்’ எனப்படும் அந்த 4 கிழமைக்கும் ஒரு பெயர் தேவை. இப்போதைக்கு ‘முக்கிய பாதை’, ‘மிதவை’ என்று எழுதியிருக்கிறேன். முன்னதை வாசிப்பவர் கிணறு முக்கியமற்றது என்று எண்ணிவிடுவார். பின்னது வாவியில் மிதக்கும் பொருளையே நினைவூட்டுகிறது.

வந்தாறுமூலை, பௌதிகவியல் ஆசிரியர்:

புதுச்சொல் தேட வேண்டியதில்லை. ஒளியியலில் ‘கிரிட்டிக்கல் ஆங்கிள்’ எனப்படுவதை, தமிழ்நாட்டுப் பாடநூல்கள் மாறுநிலைக் கோணம் என்பதை, நாம் அவதிக் கோணம் என்றே உயர்தர வகுப்பில் படித்தோம். அவதி என்றால் எல்லை. அந்த எல்லையைத் தாண்டினால் நிலைமை வேறாகிவிடும். இங்கும் பொருள் அதுவேயாகையால் ‘அவதிப் பாதை’ எனலாம். இச்சொல் ஏட்டில் மட்டும் கிடப்பதுமன்று: மருந்துப் பெட்டியில் நாம் வாசிக்கும் காலாவதி என்பது காலமும் அவதியும் சேர்ந்த சொல்லே. காலத்தின் எல்லை எந்தத் தொடரில் தங்கியிருக்கிறதோ அதற்கு இதைவிடப் பொருத்தமான பெயரை நான் காணவில்லை.

கல்முனை, தமிழாசிரியர்:

ஐயா அவர்களின் சொல்லாய்வை மதிக்கிறேன். முடிவை ஏற்க முடியவில்லை. அவதி வடசொல் என்பது என் முதற்குறை. காரைதீவில் பிறந்து, 1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலானந்த அடிகளின் மண்ணிலிருந்து எழுதுகிறோம். தமிழில் வேர் இருக்கும்போது கடன் எதற்கு? இரண்டாவது குறை இன்னும் பெரிது. விஞ்ஞானப் பிரிவில் படிக்காத ஓர் உத்தியோகத்தர் ‘அவதிப் பாதை’ என்றதும் அவதிப்படுவதையே எண்ணுவார். அகராதி எல்லை என்று சொல்வதால் காது கேட்பது மாறிவிடாது. என் பரிந்துரை ‘நெருக்குவழி’. ‘நெருக்குப் பாதை’ என ஒற்று மிகுத்து எழுதினால் அது ஒடுங்கிய பாதையாகிவிடும்; வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதைத் தட்டச்சு செய்வோர் நினைவில் வைப்பதில்லை. ‘வழி’ என்று மாற்றினால் அந்தச் சிக்கலே எழாது. காலங்கரந்த பெயரெச்சமே வினைத்தொகை என்பது நன்னூல். ஆகவே முடிவுத் திகதியை நேற்று நெருக்கிய வழி, இன்று நெருக்குகின்ற வழி, நாளை நெருக்கும் வழி ஆகிய மூன்றும் இந்த ஒரு சொல்லில் அடங்கும்.

அக்கரைப்பற்று, குடிசார் பொறியியலாளர்:

இலக்கணம் அழகாக இருக்கிறது, ஆனால் நெருக்குவது என்பது உணர்வு. நமக்கு வேண்டியது அளவு. 1957இல் டூபான்ட் நிறுவனத்தின் மோர்கன் வாக்கரும் ரெமிங்டன் ரான்ட் நிறுவனத்தின் ஜேம்ஸ் கெல்லியும் இந்தத் தொடரைக் கண்டறிந்து திட்டமிடும் முறையை உருவாக்கினார்கள். ஏறத்தாழ அதே காலத்தில், 1958இல், அமெரிக்கக் கடற்படையின் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காகப் பேர்ட் (PERT) என்ற இதையொத்த திட்டமிடல் முறை தனியே வந்தது. ‘கிரிட்டிக்கல் பாத்’ என்ற பெயர் பேர்ட் முறையினர் தந்தது என்று கெல்லியே குறிப்பிட்டிருக்கிறார். உருவாக்கியவர்களே பிறரிடமிருந்து எடுத்துக்கொண்ட அடைமொழியை நாம் ஏன் இத்தனை பாடுபட்டுப் பெயர்க்க வேண்டும்? வேலை வலையமைப்பில் தொடக்கத்திலிருந்து முடிவு வரை செல்லும் தொடர்களில் மிக நீண்டது எதுவோ அதுவே இது. ஆகவே ‘நெடுவழி’ என்போம். மாரி முந்தி, நிலத்தடி நீர் ஏறி, கிணறு 10 கிழமை எடுத்தால் அதுவே நெடுவழியாகிவிடும் என்பதை விளக்கமின்றியே மாணவர் கண்டுகொள்வார்.

அந்த 4 கிழமையைத் ‘தளர்வு’ எனலாம். பேர்ட் முறையில் வழங்கிய ‘ஸ்லாக்’ என்ற சொல்லின் பொருளும் அதுதான். ‘அவகாசம்’ வேண்டவே வேண்டாம்: அவகாசம் என்பது மேலதிகாரியிடம் கேட்டுப் பெறுவது, தளர்வு கால அட்டவணைக்குள்ளேயே இருப்பது. இவ்வேறுபாடு குழம்பினால் ஒப்பந்தகாரர்கள் இருக்கும் தளர்வையும் தின்றுவிட்டு நீடிப்பும் கேட்பார்கள்.

மட்டக்களப்பு, பாடநெறி இணைப்பாளர்:

‘தளர்வு’ எல்லோருக்கும் உடன்பாடு; முழுத்தளர்வு (முடிவுத் திகதியைப் பிந்தவிடாதது), கட்டற்ற தளர்வு (அடுத்த வேலையைப் பிந்தவிடாதது) என்று பிரிக்கவும் வசதி. ‘நெடுவழி’யில் எனக்கு ஓர் ஐயம் உண்டு. கூரை மரம் குறித்த திகதிக்கு முன் வராது என்றால், வேலை நாட்களைக் கூட்டிப் பார்க்கையில் குறுகிய தொடரும் தளர்வின்றி நிற்கக்கூடும். அப்போது நீளம் அளவுகோலாகாது. தளர்வு மிகக் குறைந்தது எது என்றே பார்க்க வேண்டும். இருவர் தனிமடலில் ‘நெருக்குவழி’யை ஆதரித்திருக்கிறார்கள். வேறு எதிர்ப்பு வராவிட்டால் கையேட்டில் நெருக்குவழி, தளர்வு என்றே போகிறது.

வந்தாறுமூலை, பௌதிகவியல் ஆசிரியர்:

பெரும்பான்மைக்கு இணங்குகிறேன். ‘அவதிப் பாதை’ என்பதைச் சொல்லடைவிலாவது சேர்த்துவிடுங்கள். உயர்தரம் கற்றவர் தேடும்போது கிடைக்கட்டும்.

அக்கரைப்பற்று, குடிசார் பொறியியலாளர்:

மரத்துக்காகக் காத்திருப்பதும் காலம் எடுக்கும் செயலே. அந்தக் காத்திருப்பை வலையமைப்பில் ஒரு செயலாக வரைந்தால் அந்தத் தொடரும் நீண்டுவிடும், நெடுவழி பிழையாகாது. வெள்ளிக்குள் இதைத் தீர்க்க முடியாது என்பது விளங்குகிறது, கையேட்டைத் தடுக்கமாட்டேன். ஆனால் என் வகுப்பில் நெடுவழி என்றே கற்பிப்பேன்; பரீட்சையில் இரண்டு சொற்களுக்கும் புள்ளி வழங்கும்படி குறித்துக்கொள்ளுங்கள்.