ஆச்சி வீடு குழு: வளைகாப்பு வேனும் கவின் ராக்கெட்டும்

மலர்: அவசரம். நாளைக்குக் கவின் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. ராக்கெட் மாடல் ரெடி. "விண்வெளியில்தான் காற்றே இல்லையே, எதைத் தள்ளிக்கொண்டு போகிறது?" என்று மிஸ் கேட்பார்களாம். என்ன சொல்ல?

சங்கர் மாமா: புகை காற்றைக் கீழே தள்ளும், ராக்கெட் மேலே போகும். அவ்வளவுதான்

ராஜம் அத்தை: ஞாயிறு வேன் எத்தனை மணிக்கு? ஒன்பதுக்குள் தென்காசியில் இருக்க வேண்டும்

முருகேசன் பெரியப்பா: மலர், மாப்பிள்ளை சொன்னதை எழுதிவிடாதே. ராக்கெட் தனக்குள் எரிகிற வாயுவைத்தான் பின்னால் தள்ளுகிறது. அந்த வாயு ராக்கெட்டை முன்னால் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. எரியறைக்குள் வாயு எல்லாப் பக்கமும் அழுத்தும். பக்கச் சுவர்களில் அது சரிக்குச் சரியாகிவிடும். மேலே சுவர் இருக்கிறது, கீழே திறப்பு. சரிக்கட்ட ஆளில்லாத அந்த மேல் அழுத்தம்தான் முக்கியமாக உந்துவிசை

தினேஷ்: பெரியப்பா இன்னும் டைப்பிங்...

சங்கர் மாமா: காற்றே இல்லாமல் எப்படி எரியும் அத்தான்?

முருகேசன் பெரியப்பா: ஆக்சிஜனையும் கையோடு கொண்டுபோகிறதே. இஸ்ரோவின் எல்விஎம்3 ராக்கெட்டின் மேல் கட்டத்தில் திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி, திரவ ஆக்சிஜன் மைனஸ் 183. மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் நாங்கள் எஞ்சினைச் சோதிக்கும்போது வெளியே வெயில் கொளுத்தும், குழாயில் வெள்ளையாகப் பனி பூத்திருக்கும். விண்வெளியில் அந்த எஞ்சினிலிருந்து வாயு நொடிக்கு 4 கி.மீ.க்கு மேல் வேகத்தில் வெளியேறும்

ராஜம் அத்தை: அண்ணே, வேன்

தினேஷ்: அப்புறம் ஏன் மாமா விட்ட ராக்கெட் மட்டும் வைக்கோல் போருக்குப் போனது?

சங்கர் மாமா: பாட்டில் சாய்ந்துவிட்டது. எத்தனை தடவை சொல்ல

செல்வி: பாட்டிலா? குச்சியை உடைத்துவிட்டுத்தானே விட்டீர்கள் அப்பா

முருகேசன் பெரியப்பா: குச்சி இல்லாவிட்டால் திசை போய்விடும். பெரிய ராக்கெட்டில் வாயு வெளியேறும் வாயான நாசிலையே லேசாகத் திருப்பித் திசை பிடிப்பார்கள். மலர், இதையும் எழுது. வெற்றிடத்தில் ராக்கெட் ஓடாது என்று 1920-ல் அமெரிக்க ராக்கெட் முன்னோடி கோடார்டை நியூயார்க் டைம்ஸ் தலையங்கத்திலேயே கிண்டல் செய்தது. 1969 ஜூலை 17, அப்போலோ 11 கிளம்பிய மறுநாள், வருத்தம் தெரிவித்தது. உண்மையில் வெற்றிடத்தில் உந்துவிசை கூடும். எதிரே நின்று அழுத்துவதற்குக் காற்று இல்லையே

சங்கர் மாமா: பார்த்தீர்களா, நியூயார்க் டைம்ஸும் என் கட்சி

ராஜம் அத்தை: 49 வருசம் கழித்தாவது வருத்தம் சொன்னார்கள். பால்காய்ப்புக்குக் கூப்பிடாதவர்கள் இன்னும் சொல்லவில்லை

தினேஷ்: அத்தை!!

முருகேசன் பெரியப்பா: (இந்த மெசேஜ் நீக்கப்பட்டது)

மலர்: பெரியப்பா, அவனுக்கு நாலு வரி போதும். இப்போது வேறு கேட்கிறான், சந்திரயான் நிலா வரை எரிந்துகொண்டேவா போனது?

முருகேசன் பெரியப்பா: இல்லை. சந்திரயான்-3 கிளம்பியது 2023 ஜூலை 14, நிலவுச் சுற்றுப்பாதைக்குள் போனது ஆகஸ்ட் 5. நடுவே பாதையை மாற்றும்போது மட்டும் கொஞ்ச நேரம் எஞ்சின் எரியும். மற்ற நேரமெல்லாம் சும்மா ஓடும். உரசி வேகத்தைக் குறைக்க அங்கே காற்று ஏது. நாலு வரி வாய்ஸில் அனுப்புகிறேன்

முருகேசன் பெரியப்பா: (வாய்ஸ் மெசேஜ் 6:42)

மலர்: நாலு வரி...

செல்வி: வேன் ஏழா, ஏழரையா?

ராஜம் அத்தை: ஏழு. அண்ணனுக்கும் மதினிக்கும் முன் சீட். வந்தால்

முருகேசன் பெரியப்பா: பார்க்கலாம்

சங்கர் மாமா: அப்படியானால் ஒரு ஆள் கூடுதல். தினேஷ் பைக்கில் வரட்டும்

தினேஷ்: தென்காசிக்கா??