இண்டிகோ, அனில், அனிலின்: ஒரு நீலச் சாயத்தின் பெயர்கள்

கேள்வி:
அவுரிச் சாயத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'இண்டிகோ' என்ற பெயர் இந்தியாவைக் குறிப்பது என்பது பலரும் அறிந்ததே. ஆனால் பழைய ஆங்கில நூல்களில் அதே சாயம் 'அனில்' என்றும் வருகிறது. இதற்கும் 'நீலம்' என்ற சொல்லுக்கும் உறவு உண்டா, அல்லது வெறும் ஒலி ஒற்றுமைதானா?

மறுமொழி 1:
உறவு உண்டு. வடமொழியில் அவுரிச் செடிக்கு 'நீலீ' என்று பெயர். அது பாரசீகம் வழியாக அரபு மொழிக்குச் சென்றபோது, 'அல்' என்ற முன்னொட்டு சேர்ந்து, அடுத்து வரும் 'ந்' ஒலியோடு இயைந்து 'அன்னீல்' என்று ஒலித்தது. போர்த்துக்கீசியர் ஒட்டைப் பிரிக்காமலே 'அனில்' என்று எடுத்துக்கொள்ள, அது ஆங்கிலத்துக்கும் போனது. 'இண்டிகோ' வந்த வழி வேறு: 'இந்தியப் பொருள்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல் 'இந்திகோன்', இலத்தீனில் 'இண்டிகம்' ஆகி, பிற்கால ஐரோப்பிய மொழிகளில் இவ்வடிவம் பெற்றது.

மறுமொழி 2:
கிரேக்கரும் ரோமரும் செடியின் பெயரை விட்டு நாட்டின் பெயரை இட்டதற்கு, அவர்கள் கைக்கு வந்தது செடியல்ல, காய்ந்த கட்டி என்பதே காரணம் என்று நினைக்கிறேன். பண்டைய ரோம எழுத்தாளர் பிளினி இதை நாணல் நுரையில் ஒட்டிய சேறு என்றே எழுதிவைத்தார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. பச்சை அவுரி இலையில் நீலம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இலையைத் தொட்டியில் ஊறவைத்துப் புளிக்கவிட்டு, மஞ்சள் கலந்த பச்சையாக இறங்கும் நீரைக் காற்றுப் படும்படி நெடுநேரம் அடித்துக் கலக்கினால்தான் நுரை நீலமாகி, சாயம் அடியில் வண்டலாகப் படியும். அதை வடித்து, காய்ச்சி, அழுத்திக் கட்டிகளாக அறுத்து உலர்த்திய பிறகே கப்பலேற்றினர்.

மறுமொழி 3:
'அனில்' ஆங்கிலத்தில் வழக்கொழிந்தாலும் வேதியியலில் நிலைத்துவிட்டது. 1840 வாக்கில் பிரிட்ஷே என்ற வேதியியலாளர் அவுரிச் சாயத்தைக் காரத்துடன் சேர்த்துச் சூடாக்கிப் பெற்ற எண்ணெய்க்கு 'அனிலின்' என்று பெயரிட்டார். 1865இல் தொடங்கிய ஜெர்மானிய நிறுவனமான பிஏஎஸ்எஃப் பெயரில் உள்ள 'ஏ' அந்த அனிலினைத்தான் குறிக்கிறது. அதே நிறுவனம் 1897இல் செயற்கை நீலச் சாயத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும், இந்தியாவில் அவுரிச் சாகுபடி சரியத் தொடங்கியது.