குஞ்சத்து நூலை எரித்துவிட்டுச் சேலை முழுவதும் பட்டு என்று சொல்லலாமா?

அம்மாபேட்டைத் தறி:
ஏற்காட்டிலிருந்து எழுதும் 'மலைத்தையல்' சென்ற வாரம் இங்கே தம் கைவேலையைக் காட்டியிருந்தார். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பழைய துணி விற்பவரிடம் 600 ரூபாய்க்கு வாங்கிய அரக்கு நிறச் சேலையை வெட்டித் தமக்கு ஒரு குர்தாவும் மகளுக்கு ஒரு பாவாடையும் தைத்திருக்கிறார். தையலைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. அதன் கீழே, "நூலை எரித்துப் பார்த்தேன், தலைமுடி கருகும் வாடை வந்தது, ஆகவே இது அசல் பட்டு" என்று எழுதியிருந்ததைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. எரித்தது எந்த நூல் என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார்: முந்தியின் குஞ்சத்திலிருந்து நான்கு இழை. குஞ்சம் என்பது நெய்யப்படாமல் மிஞ்சி நிற்கும் பாவு நூல், அதாவது சேலையின் நீளவாக்கில் ஓடும் நூல். அதில் ஊடை, அதாவது குறுக்கே ஓடும் நூல், ஓர் இழைகூடக் கிடையாது. பாவில் பட்டைக் கட்டிவிட்டு ஊடையில் செயற்கைப் பட்டை ஓட்டிய சேலைகள் என் தகப்பனார் காலத்திலேயே தறியிலிருந்து இறங்கியிருக்கின்றன. குஞ்சத்தை எரித்துச் சேலைக்குச் சான்றிதழ் கொடுப்பது, வாசல் தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு வீடு முழுவதும் தேக்கு என்று சொல்வதைப் போன்றது.

மலைத்தையல்:
மூன்று ஆண்டுகளாகப் பழைய துணிகளைத் தேடி வாங்கித் தைத்து வருகிறேன். பட்டு எது, மற்றது எது என்று என் விரல்களுக்குத் தெரியும். தீயை விலக்கியதும் நூல் தானாக அணைந்தது, கரிய சாம்பல் விரலில் மாவாக உதிர்ந்தது, முடி கருகும் வாடை அறை முழுவதும் பரவியது. செயற்கைப் பட்டாக இருந்தால் காகிதம் எரிவதைப் போலச் சட்டென்று எரிந்து முடிந்திருக்கும்; பாலியெஸ்டராக இருந்தால் உருகிக் கெட்டியான மணியாகச் சுருண்டிருக்கும். இரண்டும் நடக்கவில்லை. முந்திக்கு நல்ல பட்டைப் போட்டவர் உடலுக்கு மட்டும் வேறு நூலைத் தேடி அலைந்தார் என்று நினைப்பதற்கு வாங்குபவருக்குக் காரணம் எதுவும் இல்லை. 'அம்மாபேட்டைத் தறி' அவர்களுக்குச் சேலையின் மேல் கோபமா, ஏற்காட்டுக்காரி ஒருத்தி சேலத்துத் துணியைப் பற்றிப் பேசியதன் மேல் கோபமா என்பது தெரியவில்லை. ஆடி மாதத்தில் லைனிங் துணியை நனைக்காமல் தைத்துவிட்டு, ரவிக்கை சுருங்கியதற்குத் துணிக்கடைக்காரரைத் திட்டி இங்கே நான்கு நாள் எழுதியவர் அவர்தான் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

அம்மாபேட்டைத் தறி:
லைனிங்கைத் தைத்தது என் மனைவி. அதை அன்றைக்கே சொல்லிவிட்டேன். குஞ்சத்துக்கு வருகிறேன். பாவுக்கும் ஊடைக்கும் ஒரே நூல்தான் போடுவார்கள் என்று நினைப்பவர் தறியைத் தள்ளி நின்றுகூடப் பார்த்ததில்லை. சுத்தப் பட்டிலேயே பாவுக்கு முறுக்கேற்றிய நூலும் ஊடைக்கு முறுக்குக் குறைந்த நூலும்தான் போகும். பேட்னி போட்ட சேலையாக இருந்தால் கதை இன்னும் மோசம்: முந்திக்கென்று வேறு நிறப் பாவைக் கொண்டுவந்து உடல் பாவோடு இழை இழையாகப் பிணைத்து நெய்வதால், குஞ்சத்து நூல் உடலின் பாவாகக்கூட இருக்காது. இன்னொன்றையும் கேளுங்கள். கரை கீழே விழும்படி குர்தாவை வெட்டியிருக்கிறார். சேலையின் அகலமே குர்தாவின் நீளமாகிவிட்டது. தோளிலிருந்து தொங்குவது முழுவதும் ஊடை; உடுப்பின் பாரத்தைச் சுமப்பதும் ஊடை. எந்த நூல் பாரத்தைச் சுமக்கிறதோ அதை எரிக்காமல், வெட்டி எறிந்த குஞ்சத்தை எரித்திருக்கிறார்.

தையற்கடை அம்மா:
சேலம் குகைப் பகுதியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தைத்தவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். கரையைக் கீழே வைத்துத்தான் இந்த ஊரில் பட்டுப்பாவாடை காலங்காலமாகத் தைக்கிறோம், அதில் ஊடைதான் தொங்குகிறது, ஒரு பாவாடையும் அதற்காக அறுந்து விழுந்ததில்லை. பழைய துணியில் நூலை எரிப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது வேறு. வெளிச்சத்துக்கு எதிரே துணியைப் பிடித்து மடிப்புகளைத் தேட வேண்டும். அக்குள் படிந்த இடத்தை இரண்டு கட்டைவிரல்களாலும் மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். வியர்வை பட்ட பட்டு பார்க்க நன்றாக இருந்துகொண்டே கையில் விட்டுவிடும். 14-ஆம் எண் ஊசியைப் போட்டுப் பழைய பட்டைக் குத்துகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களைச் சொல்ல வேண்டும். நீங்கள் இருவரும் நெருப்புப் பெட்டியைக் கீழே வையுங்கள்.

மலைத்தையல்:
நான் போட்டது 11-ஆம் எண் ஊசி, அம்மா. நன்றி.

சூரமங்கலம் வாசகன்:
இந்த விவாதத்தில் 'அசல் பட்டு' என்றால் பாவும் ஊடையும் பட்டாக இருப்பதா, சரிகையும் அசலாக இருப்பதா, கைத்தறியாகவும் இருக்க வேண்டுமா என்பதை யாராவது முதலில் வரையறுத்தால், மற்றவர்கள் பின்தொடர்வதற்கு எளிதாக இருக்கும்.

அம்மாபேட்டைத் தறி:
வரையறை எல்லாம் பிறகு பார்க்கலாம். எரித்தது குஞ்சம் என்பதை அவர் முதலில் ஒப்புக்கொள்ளட்டும். 600 ரூபாய்க்குக் கிடைத்த அரக்குச் சேலை என்றதுமே அது இளம்பிள்ளைப் பக்கத்துச் சரக்காக இருக்கும் என்று என் மனதில் பட்டது. நாகரிகம் கருதிச் சொல்லாமல் இருந்தேன்.

இளம்பிள்ளைக்காரன்:
நாகரிகம் கருதிச் சொல்லாமலே இருந்திருக்கலாம். எங்கள் ஊரில் விசைத்தறியில் செயற்கைப் பட்டை நெய்கிறோம், செயற்கைப் பட்டு என்று சொல்லித்தான் விற்கிறோம், கல்யாணச் சீசனில் வண்டி வண்டியாக வாங்கிப் போகிறவர்கள் அதைத் தெரிந்துதான் வாங்குகிறார்கள். பாவில் பட்டு, ஊடையில் வேறு என்று மறைத்து ஓட்டியதைத் தம் தகப்பனார் காலத்துப் பெருமையாக முதல் பதிவிலேயே எழுதியவர் அம்மாபேட்டைக்காரர். ஆனால் கெட்ட பெயர் மட்டும் இளம்பிள்ளைக்கு. இது புதிதல்ல, தம்பி.

அம்மாபேட்டைத் தறி:
எனக்கு 58 வயது. என்னைத் தம்பி என்று அழைக்க வேண்டாம். என் தகப்பனார் ஓட்டினார் என்று நான் எழுதவில்லை, அவர் காலத்தில் இறங்கின என்றுதான் எழுதினேன். எழுதியதை எழுதியபடி படிக்கத் தெரியாதவர்களோடு எப்படிப் பேசுவது? சேலத்தின் பெயர் வெண்பட்டு வேட்டியால் வந்தது. புவிசார் குறியீடும் அதற்குத்தான் கிடைத்தது. அந்த வேட்டிக்குக் கஞ்சி போட்ட வீட்டில் பிறந்தவனுக்குக் குஞ்சம் எது, உடல் எது என்று இன்னொருவர் சொல்லித்தர வேண்டியதில்லை.

இளம்பிள்ளைக்காரன்:
சரி, அண்ணா. வேட்டிக்கும் அரக்குச் சேலைக்கும் என்ன தொடர்பு என்பதை மட்டும் விளக்கிவிடுங்கள்.

மலைத்தையல்:
இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதாவிட்டால் மறைத்தேன் என்பார்கள். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் இரண்டாம் முறை அலசி எடுத்தபோது குர்தாவின் முன்பக்கத்தில், கீழ்க்கரையிலிருந்து அளந்தால் 23½ அங்குல உயரத்தில், விரல் நீளத்துக்குக் கிடைமட்டமாக ஒரு கீறல் விழுந்திருக்கிறது. சேலையின் அகலம் 47 அங்குலம். அதை நடுவில் இரண்டாக மடித்து யாரோ பீரோவில் பல ஆண்டுகள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். மடித்த இடம் சரியாக அதுதான். மடிப்பில் விட்டுப்போவது பழைய பட்டின் குணம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே இந்தக் கீறலே அது பழைய பட்டு என்பதற்கு இன்னொரு அடையாளம். உள்பக்கம் மெல்லிய ஒட்டுத்துணியை வைத்துத் தேய்த்து, மேலே அதே நிற நூலால் ஓட்டுத்தையல் போட்டுவிட்டேன். கீறல் இப்போது எனக்கே தேடினால்தான் தெரிகிறது.

அம்மாபேட்டைத் தறி:
இதற்காகத்தான் காத்திருந்தேன். கிடைமட்டக் கீறல் என்றால் அறுந்தவை மேலிருந்து கீழாகத் தொங்கும் இழைகள். அவை எவை? ஊடை. அறுந்தது எப்போது? நனைந்திருந்தபோது. செயற்கைப் பட்டு என்கிற விஸ்கோஸ் மரக்கூழிலிருந்து எடுப்பது. தண்ணீர் பட்டால் அதன் வலிமை பாதியளவுக்குக் குறைந்துவிடும். பட்டும் நனைந்தால் சற்றுத் தளரும், ஆனால் அந்த அளவுக்கு இல்லை. சேலையை அகலத்தில் ஒருமுறை மடித்தவர் நீளத்திலும் பலமுறை மடித்திருப்பார் அல்லவா? அந்த மடிப்புகளில் வளைந்து கிடந்தது பாவு. அதே பீரோ, அதே ஆண்டுகள், அதே பூந்திக்கொட்டை. பாவு ஒரு இடத்திலும் விடவில்லை, ஊடை மட்டும் விட்டிருக்கிறது. எரித்தது பாவு, அறுந்தது ஊடை. அவர் சேலையே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. அவரோ அதற்கு ஒட்டுத்துணி வைத்து வாயை அடைத்திருக்கிறார்.

மலைத்தையல்:
நீள மடிப்புகள் வந்த இடங்களையெல்லாம் வெட்டும்போதே ஒதுக்கிவிட்டேன். 5½ மீட்டரில் அதற்கு இடம் இருந்தது. நடு மடிப்பை ஒதுக்கினால் குர்தா இடுப்போடு நின்றிருக்கும். ஒதுக்கிய மடிப்பில் பாவு விட்டிருந்ததா இல்லையா என்பதை அம்மாபேட்டையில் உட்கார்ந்துகொண்டு எப்படிப் பார்த்தார்? முடி கருகும் வாடை வந்தது. அதற்கு அவரிடம் இன்னும் பதில் இல்லை.

அம்மாபேட்டைத் தறி:
பதில் முதல் பதிவிலேயே இருக்கிறது. குஞ்சம்.

தையற்கடை அம்மா:
நீரில் ஊறிய பழைய துணியைத் தூக்கும்போது இரண்டு கைகளாலும் அடியில் தாங்கி எடுக்க வேண்டும். தோளைப் பிடித்துத் தூக்கினால் தண்ணீரின் பாரத்தில் புதுத் துணியே நீண்டுவிடும். கண்ணு, நீ தோளைப் பிடித்துத்தானே தூக்கினாய்? அதைச் சொல். மற்றவை எல்லாம் அப்புறம்.

கொண்டலாம்பட்டி:
நூலை விடுங்கள், சரிகையைப் பாருங்கள். எங்கள் ஊரின் பெயரே ஜரி கொண்டலாம்பட்டி, ஆகையால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அசல் சரிகை என்பது சிவப்புப் பட்டு நூலின் மேல் வெள்ளித் தகட்டைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. ஊசிமுனையால் சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரிய வேண்டும். வெள்ளை தெரிந்தால் போலி. தெருவில் 'பழைய பட்டுச் சேலை வாங்குவோம்' என்று கூவிக்கொண்டு வருகிறவர் முதலில் பார்ப்பதும் அதைத்தான், அவருக்கு வேண்டியது வெள்ளி. அசல் சரிகை இருந்திருந்தால் அந்தச் சேலை உருக்கும் இடத்துக்குப் போயிருக்குமே தவிர, 600 ரூபாய்க்கு மலையேறி இருக்காது.

மலைத்தையல்:
சுரண்டிப் பார்த்தேன், சிவப்புதான் தெரிந்தது.

அம்மாபேட்டைத் தறி:
எந்தக் கரையில்? போலிச் சரிகைக்கும் சிவப்பு நூலை உள்ளே வைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். சரிகைக்குள் போய் ஒளிந்துகொள்ள வேண்டாம். கேள்வி ஊடையைப் பற்றியது.

சூரமங்கலம் வாசகன்:
சுத்தப் பட்டு என்று சான்று சொல்லும் பட்டு முத்திரை (சில்க் மார்க்) ஒட்டியிருந்ததா என்று யாரும் கேட்கவில்லையே.

மலைத்தையல்:
அந்த முத்திரை வந்ததே 2004-இல்தான். இந்தச் சேலை அதற்கு முந்தையது.

அம்மாபேட்டைத் தறி:
முந்தையது என்பதற்கு ஆதாரம் என்ன, அதன் குஞ்சமா? இனி ஒரே வழிதான் இருக்கிறது. ஃபௌல்க்ஸ் காம்பவுண்டில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது; நூலை அறிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் வீட்டிலேயே பார்க்கலாம். வெட்டிய துண்டு ஒன்றின் ஓரத்திலிருந்து பாவில் ஐந்து இழை, ஊடையில் ஐந்து இழை தனித்தனியாக உருவி, இரண்டு கிண்ணங்களில் பிளீச்சிங் திரவத்தை ஊற்றிப் போட்டுவிட்டுக் காபி குடித்துவிட்டு வரட்டும். பட்டு கரைந்துபோகும், விஸ்கோஸ் கிடக்கும். வாடை பிடிக்கத் தெரிய வேண்டிய தேவைகூட இல்லை. துண்டு இருக்கிறது அல்லவா?

மலைத்தையல்:
துண்டுகளையெல்லாம் தலையணைக்குள் திணித்து வாயைத் தைத்தாகிவிட்டது. குர்தாவின் உள்தையல் அனைத்தும் ஓவர்லாக் போட்டது. தைத்து முடித்த உடுப்பைப் பிரித்து ஒருவருடைய பிடிவாதத்துக்காகக் கிண்ணத்தில் போடும் எண்ணம் எனக்கு இல்லை.

அம்மாபேட்டைத் தறி:
தலையணையின் வாயைப் பிரிக்க அரை அங்குலம் போதும்.

மலைத்தையல்:
அந்தத் தலையணையை என் மாமியார் வைத்துக்கொண்டிருக்கிறார். வேண்டுமானால் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வந்து அவரிடம் நீங்களே கேளுங்கள்.

தாதகாப்பட்டி புதுமுகம்:
அனைவருக்கும் வணக்கம். நானும் பழைய சேலையில் பாவாடை தைத்துப் பழக ஆசைப்படுகிறேன். அந்தப் பழைய துணிக்காரர் செவ்வாய்ப்பேட்டையில் எந்தப் பக்கம் உட்காருகிறார் என்று மலைத்தையல் அக்கா சொல்ல முடியுமா?

மலைத்தையல்:
மன்னிக்கவும், அதை மட்டும் பொதுவில் சொல்வதில்லை என்று வைத்திருக்கிறேன்.

அம்மாபேட்டைத் தறி:
சொல்ல மாட்டார். கேட்டுப் பாருங்கள், குஞ்சத்தை வேண்டுமானால் காட்டுவார்.