இசை விழாவுக்கு டிக்கெட் போடும் முன் திரும்பி வரும் வழியைப் பாருங்கள்

வெளிநாட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாதவர்களிடமிருந்து, கோடை நெருங்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான் வருகிறது. பக்கத்து நாட்டில் பெரிய இசை விழா நடக்கிறது, கூட வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் கிளம்புகிறார்கள், நானும் போகலாமா, இல்லை முதலில் செட்டில் ஆகிவிட்டு அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாமா? போங்கள். செட்டில் ஆவது ஒரு தேதியில் முடிகிற வேலை இல்லை. வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, வரி, அட்டை புதுப்பித்தல் என்று அது பாட்டுக்கு நடந்துகொண்டேதான் இருக்கும், அதற்காகக் காத்திருந்து மூன்று நான்கு கோடைகளை வீட்டுக்குள்ளேயே கழித்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் எந்த விழாவாக இருந்தாலும், யார் பாடுகிறார்கள் என்று பார்ப்பதற்கு முன்னால் திரும்பி வருவது எப்படி என்று பாருங்கள். நாட்டுக்குள் திரும்புவது, மைதானத்திலிருந்து அறைக்குத் திரும்புவது, கூட்டத்திலிருந்து வெளியே வருவது, எல்லாமே இதில் சேர்த்தி.

நான் வந்த இரண்டாவது கோடையில் விழா டிக்கெட், விமானம், தங்குமிடம் எல்லாவற்றுக்கும் பணம் கட்டிவிட்டேன். கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போதுதான் கவனித்தேன், என் குடியிருப்பு அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது, கையில் இருந்தது விண்ணப்பித்ததற்கான ரசீது மட்டும். அதை வைத்துக்கொண்டு அந்த நாட்டில் தொடர்ந்து இருக்கலாம், வேலை பார்க்கலாம், வெளியே போய்விட்டு உள்ளே வர முடியாது. அலுவலகத்தில் கேட்டபோது ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள். பணம் போனதைவிட, அந்த வார இறுதியில் நண்பர்கள் ஒவ்வொரு பாட்டாகப் பதிவு செய்து அனுப்பிக்கொண்டே இருந்ததுதான் இன்னும் மனதில் இருக்கிறது. இவ்வளவையும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்திருந்தால் தவிர்த்திருக்கலாம்.

அதனால் முதலில் காகிதங்கள். ஐரோப்பாவில் தங்களுக்குள் எல்லைச் சோதனையை எடுத்துவிட்ட நாடுகளின் கூட்டமான ஷெங்கன் பகுதியில் இப்போது 29 நாடுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் குடியிருப்பு அட்டை செல்லுபடியாக இருந்தால், பாஸ்போர்ட்டையும் அதையும் எடுத்துக்கொண்டு மற்ற ஷெங்கன் நாடுகளுக்குத் தனி விசா இல்லாமல் போகலாம், எந்த 180 நாட்களை எடுத்தாலும் அதில் 90 நாட்களைத் தாண்டக் கூடாது. பிரிட்டனும் அயர்லாந்தும் இந்தக் கணக்கில் இல்லை. லண்டனில் வேலை விசாவில் இருக்கும் ஒருவர் இந்தியப் பாஸ்போர்ட்டிலோ இலங்கைப் பாஸ்போர்ட்டிலோ பார்சிலோனா போக வேண்டுமென்றால் ஷெங்கன் விசா எடுத்தே ஆகவேண்டும், பாரிஸில் இருப்பவர் பிரிட்டனுக்குப் போவதற்கும் அப்படியே விசா வேண்டும். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடும் வேண்டும். கோடையில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு என்பதால் 15 நாள் என்ற கணக்கை நம்பி உட்காராதீர்கள். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு உள்ளே தங்கும் அனுமதி வேறு, பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா வேறு. தங்கும் அனுமதி சரியாக இருந்தும், விசா காலாவதியானதைக் கவனிக்காமல் வெளியே போனால், திரும்புவதற்குப் புது விசாவுக்காக ஒரு தூதரக வாசலில் நிற்க வேண்டி வரலாம். கனடா, மெக்சிகோவுக்கு 30 நாளுக்குள் போய் வருவதற்கு ஒரு விலக்கு இருக்கிறது, அதற்கும் நிபந்தனைகள் உண்டு, கல்லூரியிலோ அலுவலகத்திலோ இதைப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். விமானம் நடுவில் இறங்கும் நாட்டுக்கு டிரான்சிட் விசா தேவையா என்பதையும் பார்த்துவிடுங்கள், மலிவாக இருக்கிறதே என்று எடுத்த டிக்கெட்டில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

சரி, விழா டிக்கெட். பெரிய விழாக்களில் யார் யார் பாடப் போகிறார்கள் என்று முழுதாக அறிவிப்பதற்கு முன்பே டிக்கெட் தீர்ந்துவிடும். இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரிக்கு முன்கூட்டியே புகைப்படத்துடன் பதிவு செய்திருந்தால்தான் வாங்கவே முடியும், வாங்கிய டிக்கெட்டில் உங்கள் படம் இருக்கும், இன்னொருவருக்குக் கைமாற்ற முடியாது. ஆகவே இணையத்தில் யாரோ ‘என்னிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது’ என்றால் அதை வாங்கி வாசலில் திரும்பி வரத்தான் முடியும். மற்ற விழாக்களுக்கும், விழாவின் சொந்தத் தளத்தில் சொல்லியிருக்கும் மறுவிற்பனை வழியைத் தவிர வேறெங்கும் வாங்காதீர்கள். இந்த வருடம் விழா நடக்கிறதா என்பதையும் பாருங்கள். கிளாஸ்டன்பரி நடப்பது ஒரு பால் பண்ணையில், மண்ணுக்கு ஓய்வு கொடுக்கச் சில வருடங்களுக்கு ஒருமுறை விழாவையே நிறுத்திவிடுவார்கள், 2026 அப்படி ஒரு வருடம்.

ஆனால் முதல் விழாவே ஐந்து நாள் டென்ட், கழிப்பறை வரிசை, சேறு என்று இருக்க வேண்டியதில்லை. முதல் தடவை நகரத்துக்குள் நடக்கும் விழாவைத் தேர்ந்தெடுங்கள், இதை நான் அழுத்திச் சொல்வேன். மாண்ட்ரியல் ஜாஸ் விழா 1980 முதல் நடக்கிறது, நகர மையத்தில் தெருவிலேயே மேடை போட்டு நிறைய நிகழ்ச்சிகளை இலவசமாகவே நடத்துகிறார்கள், பிடிக்கவில்லை என்றால் அடுத்த மேடைக்கு நடந்து போகலாம், களைத்தால் மெட்ரோ பிடித்து அறைக்குப் போகலாம். புடாபெஸ்டின் சிகெட் விழா டான்யூப் நதியில் ஒரு தீவில் நடந்தாலும் நகரத்தின் பொதுப் போக்குவரத்திலேயே போய் வரலாம், டென்ட் கட்டாயம் இல்லை. குழந்தைகளோடு போவதென்றால் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் மார்ச்சில் பூங்காவுக்குள் நடக்கும் வோமடிலெய்ட் மாதிரி மரநிழல் உள்ள இடங்களைப் பாருங்கள். ஒரு நாள் டிக்கெட் கிடைத்தால் அதுவே போதும். எனக்கு மறக்க முடியாத நேரங்கள் இரவு பெரிய மேடையில் கிடைத்தவை அல்ல, பிற்பகல் மூன்று மணிக்குப் பெயரே தெரியாத ஒரு குழுவை ஐம்பது அறுபது பேரோடு புல்லில் உட்கார்ந்து கேட்டபோது கிடைத்தவை. எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு ஓடினால் எதையும் கேட்க மாட்டீர்கள், ஒரு நாளைக்கு இரண்டு நிகழ்ச்சிகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரவு திரும்பும் வழி. கடைசிப் பாட்டு முடிந்ததும் எல்லாரும் ஒரே திசையில் நடப்பார்கள், வாசலைத் தாண்டவே முக்கால் மணி நேரம் ஆகலாம், அதற்குள் கடைசி ரயில் போய்விடும். கடைசி ரயில், இரவுப் பேருந்து, விழாக்காரர்கள் விடும் ஷட்டில் பஸ், மூன்றின் நேரத்தையும் காலையிலேயே பாருங்கள், ஞாயிறு இரவு அட்டவணை வேறாக இருக்கும். ஒன்று, கடைசி இரண்டு பாட்டை விட்டுவிட்டுக் கிளம்புங்கள், இல்லை முடிந்த பிறகு ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டு மெதுவாக வாருங்கள். நடுவில் கிளம்புவதுதான் தொல்லை. அறையின் முகவரியை அந்த ஊர் எழுத்திலேயே படம் பிடித்து வைத்திருங்கள், வரைபடத்தை இணையம் இல்லாமல் பார்க்கும்படி இறக்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் அத்தனை ஆயிரம் பேர் ஒரே இடத்தில் இருக்கும்போது போன் சிக்னல் படுத்துவிடும். நண்பர்களோடு போனால் ‘பிரிந்துவிட்டால் ஒவ்வொரு மணிக்கும் இந்தக் கொடிக்கம்பத்தடியில்’ என்று வாய்வார்த்தையாகவே பேசிக்கொள்ளுங்கள். பவர்பேங்கை விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பொதுவாக 100 வாட் ஹவர் வரை விடுவார்கள், 20,000 மில்லி ஆம்பியர் ஹவர் உள்ளது ஏறக்குறைய 74 வாட் ஹவர் வரும், கவலையில்லை.

கூட்டத்தைப் பற்றி யாரும் புதியவர்களிடம் சொல்வதில்லை, அதனால் நான் சொல்லிவிடுகிறேன். டென்மார்க்கின் ரோஸ்கில்டே 1971 முதல் நடக்கிற, பல்லாயிரம் தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்துகிற விழா. அங்கேயே 2000-ல் மேடை முன் நெரிசலில் ஒன்பது பேர் இறந்தார்கள். அனுபவமுள்ள இடத்திலும் இது நடக்கும். உங்கள் விருப்பத்துக்குக் கையை உயர்த்த முடியவில்லை, நீங்கள் நகராமலேயே உடம்பு அலை மாதிரி நகர்கிறது என்றால் அந்த நொடியே வெளியேறத் தொடங்குங்கள், அடுத்த பாட்டு வரட்டும் என்று நிற்காதீர்கள். குத்துச்சண்டைக்காரர் மாதிரி கைகளை நெஞ்சுக்கு முன் மடித்து மூச்சுக்கு இடம் வைத்துக்கொள்ளுங்கள், தள்ளலை எதிர்த்து நேராக முட்டாமல், அலை தணியும் இடைவெளியில் குறுக்காகப் பக்கவாட்டில் நகருங்கள். கீழே விழுந்த பொருளை எடுக்கக் குனியாதீர்கள், போன் ஆனாலும். ஒரு மேடைக்குப் போனதும் வந்த வழி தவிர இன்னொரு வெளியேறும் வழி எது என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டு நில்லுங்கள், எனக்கு இது இப்போது பழக்கமாகிவிட்டது.

அப்புறம் காது. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது ஒரு கணக்கு, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும், 100 டெசிபலில் 15 நிமிடம்தான். 2022-ல் உலக சுகாதார நிறுவனம் இசை நிகழ்ச்சிகளுக்குப் பரிந்துரைத்த உச்ச வரம்பே சராசரி 100 டெசிபல் என்றால், ஒலிபெருக்கி பக்கத்தில் இரண்டு மணி நேரம் நிற்பது என்ன செய்யும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். என் நெருங்கிய நண்பர் ஒருவருக்கு ஒரே இரவுக்குப் பிறகு இடது காதில் வந்த இரைச்சல் இன்றும் போகவில்லை. பஞ்சு மாதிரி அடைப்பவை பாட்டை மந்தமாக்கும், இசைக்கென்றே வடிகட்டி வைத்த இயர்பிளக் இருக்கிறது, அதில் பாட்டு தெளிவாகவே கேட்கும், சத்தம் மட்டும் குறையும். குழந்தைகளுக்குக் காதை முழுதாக மூடும் கவசம் கண்டிப்பாக வேண்டும்.

மழைக்குக் குடை எடுத்துப் போகாதீர்கள், பல விழாக்களில் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மழைக்கோட்டு, பழகிய காலணி, கோடையானாலும் இரவுக்கு ஒரு கம்பளிச் சட்டை. ஜப்பானின் ஃபூஜி ராக் 1997-ல் தொடங்கிய முதல் வருடமே சூறாவளி வந்து இரண்டாம் நாள் முழுக்க ரத்தானது. இந்த மாதிரி ரத்தானால் டிக்கெட் பணம் வரலாம், விமானமும் அறையும் உங்கள் பொறுப்பு, அதனால் ரத்து செய்யக்கூடிய அறையாக எடுங்கள்.

போதைப் பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. சுற்றிலும் சாதாரணமாகப் புழங்குவதைப் பார்க்க நேரும். அந்த நாட்டில் பிறந்தவருக்கு எச்சரிக்கையோடு போவது, விசாவில் இருப்பவருக்கு நாட்டை விட்டே போவதாக முடியலாம். கனடாவில் 2018 அக்டோபர் முதல் கஞ்சா சட்டப்படி சரி, ஆனால் அதை எல்லை தாண்டி எடுத்துப் போவது குற்றம், அமெரிக்க மத்திய அரசின் சட்டத்தில் அது இன்னும் தடை செய்யப்பட்டதுதான். யாருடைய பையையும் ‘கொஞ்சம் பிடி’ என்றால் வாங்கிக்கொண்டு வாசலைத் தாண்டாதீர்கள். நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளையும் பாருங்கள், ஜப்பானில் சில சளி மருந்துகளுக்குக்கூடக் கட்டுப்பாடு உண்டு, மருத்துவர் சீட்டோடு அசல் அட்டையிலேயே எடுத்துப் போங்கள்.

தனியாகப் போகலாமா என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். போகலாம், நான் போனதில் பாதி தனியாகத்தான். தங்கும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், உள்ளே நுழைந்ததும் முதலுதவிக் கூடாரம் எங்கே என்று பாருங்கள், சங்கடமாக இருந்தால் தயங்காமல் அங்கே போய் உட்காரலாம். அவசர எண் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 112, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, ஆஸ்திரேலியாவில் 000. உங்கள் குடிக்கும் பானத்தை நீங்களே திறங்கள். அதிகமாகப் பேச வேண்டியதில்லை, ஒரே பாட்டுக்கு இரண்டு பேர் தலையாட்டினாலே பேச்சு தானாக வந்துவிடும், எனக்கு இந்த ஊரில் கிடைத்த முதல் நண்பரே அப்படி வந்தவர்தான்.

டிக்கெட் எடுத்த அன்றைக்கே திங்கட்கிழமைக்கும் விடுப்பு எழுதிவிடுங்கள். தள்ளிப்போட்டால், கூட வேலை பார்க்கும் அத்தனை பேரும் அதே நாளை முன்பே கேட்டு வைத்திருப்பார்கள்.